சுடக்கூடாத அட்டை

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் துறை மாணவர் சிலரோடு பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். சுண்டல், மாங்காய், பஜ்ஜிக் கடைகளைத் தாண்டியதும் பலூன் சுடும் கடையின் முன்னால் சிறு கூட்டம். மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, வரிசை வரிசையாகப் பலூன்களைப் பொருத்தி, ஒரு பழைய ஏர்கன்னை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் இந்தக் கடையை மெரினாவிலும் ஊர்த் திருவிழாக்களிலும் காணாதவர் இருக்கமாட்டார்கள். இளைஞன் ஒருவன் பணம் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கினான். வாங்கியவன் பலூனைப் பார்க்கவில்லை. படம் பிடித்துக்கொண்டிருந்த தன் நண்பனை நோக்கிக் குழலைத் திருப்பி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

கடைக்காரர் பாய்ந்து வந்து குழலைக் கீழே அழுத்தினார். "தம்பி, துப்பாக்கிய மனுசன் பக்கம் திருப்பாத. இந்தா உன் காசு. நீ சுட வேணாம், கெளம்பு" என்றார். "குண்டே போடலண்ணே" என்றான் அவன். "போட்டா என்ன, போடலன்னா என்ன? திருப்பக் கூடாதுன்னா கூடாது." அன்றைய வியாபாரம் சுமார்தான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆயினும் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் அருகில் நின்ற முதுகலை மாணவி மெல்லச் சொன்னாள்: "ஐயா, பெரிய போட்டியிலயும் இதேதான் ரூல். குழலைத் திருப்பினா அதோட வெளியே போயிடணும்."

அவள் அதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரங்களாக அவளுடைய கடிதம் ஒன்று என் மேசையில் கிடந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துக் கல்லூரி மாணவர் சிலர் சேர்ந்து, 'பிராக்டிகல் ஷூட்டிங்' எனப்படும் துப்பாக்கி சுடும் போட்டியை உள்ளூர் அளவில் தொடங்க விரும்புகின்றனர். அதற்குப் பொறுப்பாசிரியராக ஒருவர் கையொப்பமிட வேண்டும். தமிழாசிரியனிடம் ஏன் வந்தாள் என்று கேட்டேன். மற்றவர்கள் எல்லாரும் மறுத்துவிட்டார்கள் என்றாள். நானும் மறுக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். அந்த எண்ணம் ஏன் மாறியது, எந்த நிபந்தனைகளோடு மாறியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் இது என்ன விளையாட்டு என்பதைப் பார்த்துவிடலாம். நமக்குப் பழக்கமானது ஒலிம்பிக் வகை. 2004இல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோரின் வெள்ளி, 2008இல் அபினவ் பிந்த்ராவின் தங்கம், 2012இல் விஜய் குமாரின் வெள்ளியும் ககன் நாரங்கின் வெண்கலமும், 2024இல் பாரிஸில் மனு பாக்கர் பெற்ற இரண்டு வெண்கலங்கள் எல்லாம் அவ்வழி வந்தவை. பிந்த்ராவும் நாரங்கும் வென்ற பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் பத்துப் புள்ளிக்குரிய மையம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி மட்டுமே. சுடுபவர் ஓரிடத்தில் மூச்சடக்கி நின்று, ஏறத்தாழத் தவம் போல அதனைச் செய்கிறார். இதை 'நின்று சுடுதல்' என்று வைத்துக்கொள்வோம்.

மாணவி கேட்பது 'இயங்கிச் சுடுதல்'. இதில் வீரர் ஒரு கோட்டிலிருந்து புறப்பட்டு, தட்டிகளுக்கும் சாளரம் போன்ற திறப்புகளுக்கும் இடையே நகர்ந்து, அங்கங்கே தென்படும் அட்டைகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் களத்தின் அமைப்பு மாறும். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் துப்பாக்கிப் பயிற்சியாளர்களிடையே முளைத்த பழக்கம் இது. 1976இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் இதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஜெஃப் கூப்பர் என்னும் முன்னாள் மரைன் படை வீரர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் என்னும் மூன்றையும் குறிக்கும் இலத்தீன் சொற்களைக் குறிக்கோளாக வைத்துக்கொண்டார்கள். கைத்துப்பாக்கிக்கான உலகப் போட்டி 2008இல் இந்தோனேசியாவின் பாலியிலும் 2022இல் தாய்லாந்தின் பட்டாயாவிலும் நடந்திருக்கிறது. ஆகவே இது மேற்கத்திய நாடுகளின் தனிச்சொத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

புள்ளிக் கணக்கு எளியது. அட்டையின் நடுப்பகுதியில் பட்டால் ஐந்து. குறைந்த விசையுள்ள தோட்டாவானால் அதைச் சுற்றிய பகுதிக்கு மூன்று, ஓரத்துக்கு ஒன்று. குறி தவறினால் பத்து கழியும். மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுக்க வேண்டும். பன்னிரண்டு குண்டுகள் கொண்ட சிறு சுற்று ஒன்றில் ஒருவர் முழு 60 புள்ளியையும் 12 நொடியில் பெற்றால் அவர் கணக்கு 5. இன்னொருவர் 54 புள்ளியை 9 நொடியில் பெற்றால் அவர் கணக்கு 6, அவரே முந்துகிறார். வேகத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் தந்த தாள்களில் அடுத்த பக்கத்தைப் புரட்டும்வரை.

சுட வேண்டிய பழுப்பு அட்டைகளுக்கு இடையிடையே, சிலவற்றைப் பாதி மறைத்தபடி, வெள்ளை அட்டைகளும் நிற்கும். அவை சுடக்கூடாதவை. வெள்ளையில் ஒரு குண்டு பட்டால் பத்துப் புள்ளி போய்விடும். மேற்சொன்ன சுற்றையே மூன்றாமவர் ஒருவர் 8 நொடியில் முடிக்கிறார் என்று கொள்வோம். பதினோரு குண்டுகளில் 47 புள்ளி. பன்னிரண்டாவது பழுப்பைத் தவறவிட்டு வெள்ளையில் பட்டுவிட்டது. தவறியதற்குப் பத்து, பட்டதற்குப் பத்து. மிச்சம் 27. எட்டால் வகுத்தால் 3.375. எல்லாரிலும் வேகமானவர் எல்லாருக்கும் பின்னால் போகிறார்.

இவ்விளையாட்டின் உயிர் இந்த வெள்ளை அட்டையில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். நின்று சுடும் போட்டியில் சுடுபவர் முன் ஒரேயொரு இலக்குதான் உண்டு. எதைச் சுடுவது என்ற கேள்வியே எழாது. துரோணர் வைத்த தேர்வில் பறவையின் கண் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று அருச்சுனன் சொன்னதை நாம் தலைமுறை தலைமுறையாகப் பாராட்டி வருகிறோம். மனிதர் நடமாடும் இடத்தில் வேறொன்றும் தெரியாதவன் கையில் வில் இருப்பது நல்லதா என்று எவரும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். நம் இரு பெருங்காப்பியங்களின் வேரிலும் சுடக்கூடாததைச் சுட்ட அம்பு ஒன்று தைத்துக் கிடக்கிறது. இருளில் யானை நீர் குடிக்கும் ஒலி என்று நினைத்துத் தசரதன் எய்த அம்பு, கண்ணற்ற பெற்றோருக்காக நீர் மொள்ள வந்த சிறுவன் மேல் பாய்ந்தது. அந்தச் சாபத்தின் வழியே மகனைப் பிரிந்து மாண்டான். மான் என்று எண்ணிப் பாண்டு எய்தது மான் உருவில் இருந்த முனிவனை. பாண்டவர் பிறப்பின் சிக்கல் முழுவதும் அங்கிருந்தே தொடங்குகிறது. இருவரும் குறி தவறியவர்கள் அல்லர். குறி சரியாகவே இருந்தது. எதிரில் இருப்பது எது என்று பார்க்கத்தான் தவறினார்கள்.

முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலை ஏந்துவது இனிது என்பது வள்ளுவர் கருத்து. படைச்செருக்கு அதிகாரத்தில் வருகிறது. போர்க்களத்துக்கு அது பொருந்தும். நகரத்துக்குள் வாழும் நாமோ, தவறிய அந்த வேல் யார்மேல் போய் விழுந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

இனி மறுப்புக்கு வருகிறேன். ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சை எடுத்தபோது மூத்த சக ஆசிரியர் ஒருவர், "இந்த ஊருக்குத் துப்பாக்கி எதுக்கு சார்? இருக்கிற சத்தம் போதாதா?" என்றார். அது வெறும் கேலி அன்று. சென்னைக்குத் துப்பாக்கியோடு இருக்கும் நினைவுகள் நல்லவை அல்ல. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவர்தோறும் ஒட்டப்பட்டதையும், மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றதையும், அவர் குரல் அதன்பின் பழைய குரலாக இல்லாமற்போனதையும் நம் முந்தைய தலைமுறை இன்றும் சொல்லும். 1982 மே 19 அன்று தியாகராய நகர் பாண்டி பஜாரில், புடவைக்கும் பாத்திரத்துக்கும் மக்கள் நெரியும் தெருவில், ஈழப் போராளித் தலைவர்களான பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் எதிர்கொண்டு துப்பாக்கிச் சூடு நடந்தது. இவ்விரண்டுக்கும் மேலாகத் திரைப்படம் இருக்கிறது. நம் திரைநாயகன் எண்ணிச் சுடுவதில்லை. அவன் சுடும் கூட்டத்தில் வெள்ளை அட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வெளிநாட்டிலிருந்து வருவது. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒருவன் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து பதினாறு குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவனிடம் இருந்தவை கள்ளத் துப்பாக்கிகள் அல்ல. முறைப்படி உரிமம் பெற்றவை. அதையடுத்து 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கியை ஏறக்குறைய முற்றாகத் தடை செய்தது. கைத்துப்பாக்கிப் போட்டிகள் அங்கே ஒரே அடியில் முடிந்தன. பள்ளிக் குழந்தைகளின் பிணங்களுக்கு முன்னால் விளையாட்டு உரிமை பற்றி வாதாட எனக்கு நாவெழாது. அந்தத் தடை தவறு என்றும் சொல்லமாட்டேன். துப்பாக்கி விளையாட்டை ஆதரிப்பவர் எவரும் டன்பிளேனைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பேசக்கூடாது.

ஆனால் அந்நிகழ்விலிருந்து நான் கற்பது வேறொன்றும் உண்டு. உரிமத் தாள் ஒருவனுடைய மனத்தைப் பார்ப்பதில்லை. வாராவாரம் அவன் கையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேண்டும். முதல் தவற்றிலேயே, அவன் யாராயிருந்தாலும், வெளியே போ என்று சொல்லும் துணிவும் அவர்களுக்கு வேண்டும். பெசன்ட் நகர்ப் பலூன்காரருக்கு அது இருந்தது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் நான் என்.சி.சி.யில் இருந்தவன். .22 ரைஃபிளால், தரையில் குப்புறப் படுத்து, ஐந்து குண்டுகள் சுடுவோம். ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதே கணக்கு. ஒரு முகாமில் என் நான்கு குண்டுகள் ஓர் எட்டணாக் காசுக்குள் அடங்கிவிட்டன. ஐந்தாவதற்கு விரல் அழுந்திக்கொண்டிருந்தபோது 'நிறுத்து' என்று கட்டளை வந்தது. காதில் விழுந்தது. சுட்டுவிட்டேன். அதுவும் காசுக்குள்ளேயே விழுந்தது. பயிற்சி தந்த ஹவில்தார் ரைஃபிளை என் கையிலிருந்து வாங்கி, அட்டையைப் பார்க்காமலேயே, என் பெயரை அணியிலிருந்து அடித்தார். தூரத்தில் ஒரு மாட்டுக்காரப் பையன் மண்மேட்டின் பக்கம் நடந்து வருவதை அவர் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. அணியிலேயே நன்றாகச் சுட்டவன் நான் என்ற கோபம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. தசரதன் கதையை வகுப்பில் நடத்தத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கோபம் போயிற்று.

தமிழிலக்கியத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு வ.வே.சு.ஐயரை நினைவூட்டலாம். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி, குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனை உலகக் கவிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். அவரே புதுச்சேரியில் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்ததையும், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் அவரிடம் பயின்றதையும் வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். அந்தச் செயலின் நியாயத்தை இங்கே எடைபோட வரவில்லை. எழுத்து ஒரு கையிலும் துப்பாக்கி மறு கையிலும் இருந்த காலம் ஒன்று நமக்கு இருந்தது என்பதையே சொல்ல வருகிறேன். பகையை வீழ்த்தக் கற்ற அந்தக் கல்வியிலிருந்து, எவரையும் வீழ்த்தாத விளையாட்டுக்கு நாடு நகர்ந்ததும் நம் வரலாற்றின் பகுதியே. 1951இல் தேசிய ரைஃபிள் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி.மாவ்லங்கர். அவர் பெயரில் இன்றும் போட்டி நடக்கிறது.

நகர்ந்தது உண்மை, ஆனால் எல்லாருக்குமாக நகர்ந்ததா? பாரிஸில் டிராப் பிரிவில் ஆடிய பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். அவர் திறமையில் ஐயமில்லை. அவ்வாய்ப்பு பிறப்போடு வந்தது என்பதிலும் ஐயமில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக ஆடினார். அவர் துப்பாக்கி பிடிக்கக் கற்றது அகமதாபாத்தில். ககன் நாரங் பிறந்தது சென்னையில், வளர்ந்தது ஹைதராபாத்தில். இவர்கள் குடும்பங்கள் வேறு காரணங்களுக்காக ஊர் மாறியிருக்கலாம். ஆயினும் இங்கேயே இருந்திருந்தால் இவர்கள் கையில் துப்பாக்கி வந்திருக்குமா என்ற கேள்வியை என்னால் விலக்க முடியவில்லை.

சென்னையில் ரைஃபிள் கிளப் இல்லாமலில்லை. எழும்பூரில், பழைய காவல் ஆணையர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் நடிகர் அஜித்குமார் அங்கே செல்ல வாடகைக் கார் ஏறியபோது, ஓட்டுநர் அவரை வேப்பேரியிலுள்ள புதிய ஆணையர் அலுவலகத்தில் இறக்கிவிட்டார் என்று செய்தி வந்தது. வேடிக்கைச் செய்தியாகவே எல்லாரும் படித்தோம். ரைஃபிள் கிளப் எங்கே இருக்கிறது என்பது இந்நகரின் கார் ஓட்டுநருக்கே தெரியாதபடி அது ஒதுங்கியிருக்கிறது என்பதை யாரும் படிக்கவில்லை. அடுத்த ஆண்டு திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் அவர் பதக்கங்கள் வென்றார். ரசிகர் கூட்டம் திரண்டு, அவர் மாடியில் நின்று கையசைக்க வேண்டியதாயிற்று. சுடுதளத்தைத் தமிழர்கள் தேடிச் சென்ற அபூர்வமான நாள் அது. தேடியது சுடுதலை அன்று.

அப்படியானால் என்ன செய்யலாம்? சட்டம் வரையும் எல்லையிலிருந்து தொடங்குவோம். உலகெங்கும் இயங்கிச் சுடுவோர் பெரும்பாலும் பயன்படுத்துவது 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதைச் சாதாரணக் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. 2019இன் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இவை தளர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தளராமல் இருப்பதே நல்லது. ரைஃபிளைக் கொண்டு இயங்கிச் சுடுவதற்கு மூன்று பக்கமும் உயர்ந்த மண்மேடுகளும் நெடுந்தொலைவு வெற்றுநிலமும் வேண்டும். மயிலாப்பூரிலோ அடையாறிலோ அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

நமக்கு உகந்தது காற்றுத் துப்பாக்கி. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் 0.177 அங்குலத்துக்கு மேற்படாத துளையும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர் நீளமுள்ள கூடம் ஒன்று போதும். முன்னேறிய நாடுகளிலும் இதற்கு இணை உண்டு. பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்து, 2018இல் ஹாங்காங்கில் அதற்கு உலகப் போட்டியும் நடத்தினார்கள்.

சாதாரண காற்றுக் கைத்துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி மறுபடி ஏற்ற வேண்டும். இது குறை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். நான் இதையே விதியாக்கச் சொன்னேன். குண்டு ஏற்றிய துப்பாக்கியோடு யாரும் ஓர் அடியும் நகரக்கூடாது. நகர்ந்து, நின்று, ஏற்றி, பார்த்து, பிறகு சுடட்டும். வேகம் குறையும், குறையட்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நமக்கு வேண்டியது வேகம் அன்று.

இடம்? ஆடி மாதத்தில் தியாகராய நகருக்கு வந்து பாருங்கள். கடைகளில் தள்ளுபடிக்காகக் கால் வைக்க இடமிராது. கல்யாண மண்டபங்களோ முகூர்த்தமில்லாமல் காலியாகக் கிடக்கும். ஒரு மண்டபத்தை இரண்டு நாளுக்கு எடுத்து, பின்சுவரில் தடித்த ரப்பர் விரிப்பைத் தொங்கவிட்டு, குண்டுகளைப் பிடிக்கும் பெட்டிகளை அதன் முன் வைத்து, வருபவர் அனைவருக்கும் கண்ணாடி அணிவித்தால் களம் தயார். வட்டாரக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ரைஃபிள் கிளப் அல்லது மாநிலச் சங்கத்தின் நடுவர் ஒருவரை அழைத்து, அவர் சொற்படியே நடத்த வேண்டும். நாமாகவே கூடி நாமாகவே நடத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இத்தனைக்கும் மேல் நான் நான்கு நிபந்தனைகள் வைத்தேன்.

முதலாவது, துப்பாக்கிகள் கூட்டுச் சொத்தாக இருக்க வேண்டும். யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. இதில் பாதுகாப்பும் உண்டு, சமத்துவமும் உண்டு. ஒலிம்பிக் தரத்து ஏர் ரைஃபிள் லட்சங்களில் விற்கிறது. எல்லாரும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே வகைத் துப்பாக்கியை எடுத்தால், பெசன்ட் நகர்க் குப்பத்துப் பிள்ளையும் போட் கிளப் சாலைப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

இரண்டாவது, அட்டை மனித உருவாக இருக்கக்கூடாது. இவ்விளையாட்டின் பழைய அட்டைகளில் தலையும் தோளும் உண்டு. அதன் போர்ப் பிறப்பின் தழும்பு அது. எதிர்ப்பு எழுந்தபோது பன்னாட்டுக் கூட்டமைப்பே தலையில்லாத எண்கோண வடிவ அட்டையைக் கொண்டுவந்தது. நமக்கு அதுவே போதும். மனித வடிவைச் சுட்டுப் பழகிய கண் எதைக் கற்றுக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்க என் மாணவர்களைத் தரமாட்டேன்.

மூன்றாவது, துப்பாக்கியோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுவரொட்டி, ரீல்ஸ், பிறந்தநாள் பேனர் எதிலும் அந்தக் கூடத்துத் துப்பாக்கி தெரியக்கூடாது. மூன்றும் நகரெங்கும் மலிந்திருக்கும் ஊரில் இது கடினமான நிபந்தனை என்பதை அறிவேன்.

நான்காவதுதான் முதன்மையானது. குழலைத் திருப்பியவர், நகரும்போது விசையில் விரல் வைத்தவர், துப்பாக்கியைக் கீழே நழுவவிட்டவர் அக்கணமே வெளியேற வேண்டும். மறுவாய்ப்பு, எச்சரிக்கை, மன்னிப்புக் கடிதம் எதுவும் கிடையாது. பன்னாட்டு விதியும் இதுவே. விதியை எழுதுவது சுலபம். 'நான் யார் தெரியுமா' என்ற கேள்வி நம் ஊரில் எல்லா விதிகளையும் விடப் பழமையானது. வெளியேற்றப்பட்ட பையனின் தந்தை ஒரு தொலைபேசி அழைப்பில் அவனைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட முடியுமானால், அந்தக் கூடத்தை அன்றே பூட்டிவிட வேண்டும். அதை நடத்துபவர்கள் இதற்கு முன்கூட்டியே எழுத்தில் உடன்பட வேண்டும் என்றேன்.

மாணவி நான்கையும் குறித்துக்கொண்டாள். மூன்றாவதற்கு மட்டும் முகம் சற்று வாடிற்று. பிறகு, "சரிங்க ஐயா" என்றாள்.

என் சக ஆசிரியர் இன்னமும் ஏற்கவில்லை. "இத்தனை கட்டுப்பாடு போட்டா யார் சார் வருவாங்க?" என்று இப்போது வேறு பக்கத்திலிருந்து கேட்கிறார். நியாயமான கேள்வி. இருபது பேர் வரலாம். ஐந்து பேர் வரலாம். கட்டுப்பாடு பிடிக்காமல் போகிறவர்கள் போவதில் எனக்கு வருத்தமில்லை. இந்நகரில் துப்பாக்கி இரண்டு இடங்களில்தான் தெரிகிறது: காவலர் இடுப்பில், திரையில். முதலாவதைக் கண்டு அஞ்சுகிறோம். இரண்டாவதைக் கண்டு கைதட்டுகிறோம். அஞ்சாமலும் கைதட்டாமலும் அதை ஒரு கருவியாக எடுத்து, பார்த்து, எது சுடக்கூடாதது என்று தெரிந்துகொண்டு, பெட்டியில் திரும்ப வைக்கப் பழகிய ஐந்து இளைஞர்கள் கிடைத்தாலும் எனக்கு நிறைவுதான்.

கடிதத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் அவள் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலோடு வந்தாள். முதல் வரியில் கைத்துப்பாக்கிகளின் விலை இருந்தது. அதை அடித்து, கீழே தள்ளி, முதல் வரியில் 'வெள்ளை அட்டை, ஐம்பது' என்று எழுதிக் கொடுத்தேன்.